தெருவில் போட்ட பந்தி

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கல்யாண ஆல்பத்தை எடுத்து நீட்டிவிடுவேன். காபியெல்லாம் அப்புறம்தான். வந்தவர்கள் இரண்டு பக்கம் புரட்டியதும் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்கள்.

"இன்னாம்மா இது, நடுரோட்டுல உக்காந்து சாப்டுனு இருக்கற?"

ஆமாம். அரக்கு நிறப் பட்டுப்புடவை, தலை கொள்ளாத மல்லிகைப்பூ, கழுத்தில் மாலை, எதிரில் வாழை இலை. எனக்கு இந்தப் பக்கம் என் அத்தை. அந்தப் பக்கம் பேண்டு செட்டுக்காரர் ஒருவர், டிரம்பெட்டை மடியில் படுக்க வைத்துவிட்டு ரசம் சாதம் சாப்பிடுகிறார். எங்களுக்கு முன்னால், தெருவை அடைத்துக்கொண்டு ஒரு டிராக்டர். வாளியும் கரண்டியுமாகக் குனிந்து சாம்பார் ஊற்றுகிறவன் என் தம்பி கதிர். அந்தப் படத்தில் அவன் முகம் மட்டும் உர்ரென்று இருக்கும்.

போன வாரம் நான் நர்சிங் படித்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர், "சீக்கிரம் கல்யாணத்துக்கு வாங்க" என்று எழுதிக் கேட்டிருக்கிறார். சரி, வந்துவிட்டேன். கேட்டவர் இனி தப்பிக்க முடியாது.

ஏரிக்கரை வழி

செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகிற பக்கத்தில் எங்கள் ஊர். பஸ் ரோட்டில் இறங்கினால் முதலில் ஊர்த்தெரு வரும். அதைத் தாண்டிப் போனால் எங்கள் காலனி.

அந்தத் தெரு வழியாகத்தான் நான் தினமும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வேலைக்குப் போய் வந்தேன். "நர்சம்மா, புள்ளைக்கு ஜொரம் அனலா கொதிக்குது, ஒரு நட வந்து பாத்துட்டுப் போ" என்று வண்டியை நிறுத்திக் கூப்பிடுவார்கள். வீட்டுக்குள்ளேயே போய் ஊசி போட்டிருக்கிறேன். காசு வாங்க மாட்டேன். கொல்லையில் காய்த்த முருங்கைக்காயை வண்டியில் மாட்டி அனுப்புவார்கள்.

ஆனால் காலனியில் ஒரு சாவு விழுந்தாலோ, கல்யாணம் நடந்தாலோ, அந்தத் தெருவில் கால் வைக்கக் கூடாது. பாடையும் சரி, மாலையும் சரி, ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். இதை யாரும் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. கேட்டால் "அதான் வழக்கம்" என்பார்கள். வழக்கத்துக்கு யார் தகப்பன், யார் தாய் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

எனக்கு மாப்பிள்ளை பனமலையில் அமைந்தது. காலையில் செஞ்சி மண்டபத்தில் முகூர்த்தம். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் பெண் அழைப்பு. பேண்டு செட்டோடு பெண்ணை ஊரைச் சுற்றி அழைத்து வந்து, காலனிப் பந்தலில் எல்லாருக்கும் சாப்பாடு போட்டு, பிறகு வேன் ஏறி மண்டபத்துக்குப் போவதாக ஏற்பாடு. எந்த வழியாகச் சுற்றுவது என்று பேச்சு வந்தபோது நான் சொல்லிவிட்டேன்.

"பொணம் போற வழியில நான் கல்யாணத்துக்குப் போவ மாட்டேன். தெரு வழியாத்தான் போவேன். இல்லன்னா கல்யாணமே வாணாம்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். "எந்த வழியா வேணா வா, முகூர்த்தத்துக்குள்ள வந்துடு" என்றார். இந்த ஆளோடு காலம் தள்ளலாம் என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

எங்கள் வீட்டில் இரண்டு கட்சி

நான் சொன்னதைக் கேட்டு எங்கள் வீட்டில் மிகவும் சந்தோஷப்பட்டவன் கதிர். "போலாங்க்கா! எவன் மறிக்கிறான்னு பாத்துடலாம்" என்று சட்டைக் கையை மடித்தான். அவன் சந்தோஷப்பட்ட அழகைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

இங்கே நான் எங்கள் நைனா, அதாவது அப்பாவின் கதையைச் சொல்லியாக வேண்டும். நைனா வாலிபராக இருந்தபோது, எங்கள் ஆட்கள் ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. தெரு முனையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் நைனாவும் பங்காளிகளும் செருப்புக் காலோடு நடந்தார்கள். கையில் கட்டையோடுதான் நடந்தார்கள். அந்தப் பக்கமும் கட்டை வந்தது. இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது.

சும்மா சொல்லக் கூடாது, அன்றோடு அந்த வழக்கம் ஒழிந்தது. மறுநாளிலிருந்து யாரும் செருப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் கேஸ் நடந்தது பாருங்கள், அம்மாடி! வருஷக்கணக்காக நடந்தது. ரோடு போடுகிற வேலையில் இருந்த நைனாவுக்கு அந்த வேலை போயிற்று. அம்மா நடவுக்கும் களைக்கும் போய்த்தான் எங்களை வளர்த்தாள்.

வாய்தா என்றால் அடித்தவர்களும் அடி வாங்கியவர்களும் செஞ்சி கோர்ட்டுக்கு ஒரே பஸ்ஸில்தான் போகவேண்டும். வேறு பஸ் கிடையாது. ஆரம்பத்தில் முறைத்துக்கொண்டு போனவர்கள், போகப்போக வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டார்களாம். "எங்களுக்குள்ள ராசியாயிடுச்சு, வக்கீலுங்கதான் வுடல" என்று நைனா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

என் கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் கதிரும் நைனாவும் மோதிக்கொண்டார்கள். அது இன்னும் என் காதில் இருக்கிறது.

"அன்னிக்கு நீ அடிச்சதாலதான நைனா, இன்னிக்கு அக்கா செருப்பு போட்டுனு அந்தத் தெருவுல வேலைக்குப் போவுது? உக்காந்து பேசினு இருந்திருந்தா இந்நேரம் வரைக்கும் பேசினேதான் இருந்திருப்ப."

"செருப்பு வந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா பயந்து வுட்ட வழிடா அது. பயம் தெளிஞ்சா மறுபடி அடைப்பான். வெக்கப்பட்டு வுட்டாத்தான் நெலைக்கும்."

"வெக்கப்பட்டு வுட்டா மட்டும்? வெக்கம் போயிட்டா அடைக்க மாட்டானா?"

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.  

கதிருக்கு அப்போதுதான் ரயில்வேயில் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. இந்த நேரத்தில் அவன் பெயரில் ஒரு கேஸ் விழுந்தால் எல்லாம் போச்சு. நைனாவுக்கு நடந்ததே திரும்ப நடக்கும். எனக்குத் தெருவும் வேண்டும், தம்பியும் வேண்டும். இதில் எதை விடச் சொன்னாலும் என்னால் முடியாது. யாரிடமும் சொல்லாமல் பச்சையம்மன் கோயிலுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

டிக்கியில் குடை

பெண் அழைப்பு அன்று வெயில் தாழ்ந்ததும் கிளம்பினோம். பூ சுற்றிய காரில் நான். முன்னால் பேண்டு செட். பெண்கள் தாம்பாளத் தட்டுகளோடு நடக்க, காலனியே கூட வந்தது. கார் முதல் திருப்பத்தில் திரும்பியதும் பின்னால் டிக்கியில் கடகடவென்று என்னவோ உருண்டது.

"இன்னாடா அது?" என்று கேட்டேன்.

"கொடைக்கா" என்றான், காரோடு நடந்து வந்த கதிர்.

"வானத்துல பொட்டு மேகம் இல்ல. இத்தன கொட எதுக்குடா?"

அவன் வேறு பக்கம் பார்த்தான். எனக்குப் புரிந்துவிட்டது. சவுக்குக் கட்டைகள். என் கல்யாணக் காரிலேயே ஏற்றியிருக்கிறான், படுபாவி!

தெருவின் பாதியில் டிராக்டர் குறுக்கே நின்றது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மேலே உட்கார்ந்திருந்தவர் வேணு. அந்தத் தெருவில் நெல்லும் மணிலாக் கடலையும் பயிர் வைக்கிற குடும்பம். அவர் மகளுக்குத் தடுப்பூசி எல்லாம் என் கையால் போட்டதுதான். அவருக்குப் பின்னால் தெரு ஆட்கள் கூட்டமாக நின்றார்கள்.

"நர்சம்மா, உங்க மேல ஒரு கோவமும் இல்ல" என்றார் வேணு. "ஊர்ல சொல்லிட்டாங்க. ஏரிக்கரைப் பக்கமா போயிடுங்க."

"ஊசி போட இந்தத் தெருவுல வரலாம், மால போட்டுனு வரக் கூடாதா?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். பின்னாலிருந்து யாரோ ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். எங்கள் பக்கத்திலிருந்து அதைவிடக் கெட்ட வார்த்தை போயிற்று. பேண்டு செட் நின்றுவிட்டது. கதிர் டிக்கியைப் பார்த்து நடந்தான். அவன் பின்னாலேயே அவன் கூட்டாளிகள் போனார்கள்.

நான் காரைவிட்டு இறங்கி ஓடினேன். பட்டுப்புடவையை வாரிச் சுருட்டிக்கொண்டு டிக்கி மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"யக்கா, எறங்கு."

"எறங்க மாட்டேன்."

"எறங்குக்கா, மானம் போவுது."

"போவட்டும். வேல போனா வராது."

அவன் என்னைத் தூக்கி இறக்கியிருப்பான். மருதாணிக் கையையும் மாலையையும் எங்கே பிடித்துத் தூக்குவது என்று தெரியாமல் நின்றான். அந்த நேரம் பார்த்து டிராக்டருக்கு அந்தப் பக்கம் 'பீம் பீம்' என்று ஹார்ன் அடித்தது.

எங்க எறக்கறது?

அது சாப்பாட்டு வண்டி. செஞ்சியில் சமைத்து, காலனிப் பந்தலுக்கு அனுப்பச் சொல்லியிருந்தோம். குட்டியானை வேனை ஓட்டி வந்தவர் செஞ்சிக்காரர். ஏரிக்கரையும் தெரியாது, வழக்கமும் தெரியாது. நேராகத் தெரு வழியாக வந்துவிட்டார். இப்போது டிராக்டருக்கு அந்தப் பக்கம் சாப்பாடு, இந்தப் பக்கம் நாங்கள்.

"இன்னாங்க, டிராக்டர் ரிப்பேரா?" என்று இறங்கி வந்தார்.  "எனக்கு மேல்சித்தாமூர்ல இன்னொரு ஆர்டர் இருக்குது. டென்ஷன் பண்ணாதீங்க. சாப்பாட்ட எங்க எறக்கறது?"

"இங்கியே எறக்குங்க!" என்று டிக்கி மேலிருந்து கத்தினேன்.

பெரிய திட்டம் போட்டுக் கத்தியதாக யாரும் நினைக்க வேண்டாம். காலையிலிருந்து நான் சாப்பிடவில்லை. அலங்காரம் பண்ண வந்த பெண், உதட்டுச் சாயம் போய்விடும் என்று ஒரு இட்லிகூடத் தின்ன விடவில்லை. கத்திரிக்காய் சாம்பார் வாசனை டிராக்டர் புகையையும் மீறி வந்தது. அறப்போராட்டம் என்று இதற்குப் பேர் வைத்தவர்கள் பிறகு நிறையப் பேர். அன்றைக்கு எனக்குப் பசி.

என் அத்தை பச்சையம்மா, நைனாவின் தங்கை, காலனியில் எந்தக் கல்யாணமானாலும் பந்தி விசாரிக்கிறவள். நான் கத்தியதும் அவளுக்கு வேகம் வந்துவிட்டது. டிராக்டர் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் புகுந்து போய், இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தாம்பாளம் ஏந்தி வந்த பெண்கள் அண்டாக்களைக் கைமாற்றிக் கொண்டுவந்தார்கள். தெருவில் இலை விழுந்தது. குழந்தைகள் முதலில் உட்கார்ந்தன. பிறகு கிழவர்கள், பேண்டு செட்டுக்காரர்கள்.

அத்தை நடுத்தெருவில் நின்று குரல் கொடுத்தாள். "எங்க பங்காளி வகையில, பொண்ணுக்குக் கூடப்பொறந்தவன் கையால மொத கரண்டி வுழணும். எங்கடா கதிரு? அவன் பரிமாறாத எலையில நான் கை நனைக்க மாட்டேன்."

கதிர் பல்லைக் கடித்தான். "அத்த, இது இன்னா நேரம்..."

"சோத்துக்கு இன்னாடா நேரம்? வாளிய புடி!"

அத்தை பேச்சைத் தட்டி எங்கள் வீட்டில் ஒருவனும் பிழைத்ததில்லை. அவன் வாளியைப் பிடித்தான். அவன் கூட்டாளி ஒருவன் கையில் சாதக் கூடை, இன்னொருவன் கையில் வடைத் தட்டு. அதைப் பார்த்த பிறகுதான் நான் டிக்கியைவிட்டு இறங்கினேன். ஒரு கையில் வாளி, ஒரு கையில் கரண்டி. இனி இவன் எந்தக் கையால் கட்டையைத் தூக்குவான்? நிம்மதியாக இலை முன்னால் உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்தியில் உட்கார்ந்தவரை, பகையாளி ஆனாலும், பாதியில் எழுப்பக் கூடாது. இது காலனிக்கும் பொது, தெருவுக்கும் பொது. டிராக்டரைக் குறுக்கே நிறுத்தியவர்களுக்கு இந்த வழக்கமும் மனசில் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

ஒரு பையன் மட்டும் துள்ளிக்கொண்டு வந்து இலையை எட்டி உதைக்கக் காலைத் தூக்கினான். டிராக்டர் மேலிருந்து வேணு அதட்டினார்.

"டேய்! சோத்த மிதிக்காதடா, சனியனே!"

நெல் விளைவிக்கிறவர் அல்லவா, அவரையும் மீறி வந்துவிட்டது. அந்தப் பையன் தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நொண்டிக்கொண்டே பின்னால் போனான். எங்கள் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். தெருப் பெண்கள் சிலரும் வாயைப் பொத்திக்கொண்டதை நான் பார்த்தேன்.

யார் தகவல் சொன்னார்களோ, போலீஸ்காரர் இருவர் வண்டியில் வந்து இறங்கினார்கள். "சாப்ட்டு முடிக்கட்டும், அப்புறம் பேசலாம்" என்று ஓரமாக நின்றுவிட்டார்கள். மாப்பிள்ளை ஃபோன் பண்ணினார். "சாப்டியா?" என்றார். "தெருவுல உக்காந்து சாப்டுனுதான் இருக்கறேன்" என்றேன். "நல்லா சாப்டு" என்று வைத்துவிட்டார்.

விக்கல்

சாப்பாடு வந்தது, இலை வந்தது. தண்ணீர் வரவில்லை. தண்ணீர் கேன் எல்லாம் காலனிப் பந்தலில் இருந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை. பசியில் நான் மசால் வடையை அள்ளி அடைத்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டது விக்கல்.

சாதாரண விக்கல் இல்லை. ஒவ்வொரு விக்கலுக்கும் நெற்றிச்சுட்டி எகிறியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. "தண்ணி, தண்ணி" என்று அத்தை தலையில் தட்டினாள். தெரு முழுக்க என் விக்கல்தான் கேட்டது.

ஒரு வீட்டுக்குள்ளிருந்து வேணுவின் மனைவி தேவகி வந்தாள். கையில் ஒரு சொம்பு. என் இலைக்கு எதிரில் வந்து நின்றாள். எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அந்தத் தெருவில் எங்கள் ஆட்களுக்குத் தண்ணீர் கொடுத்த முறையை வயசான எல்லாரும் அறிவார்கள். குனிந்து இரண்டு கையையும் குழித்து ஏந்த வேண்டும். அவர்கள் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். நான் குனியவில்லை. சோற்றுக் கையை மடியில் படாமல் வைத்துக்கொண்டு, இடது கையை மட்டும் நீட்டினேன். சொம்பை வாங்குகிற மாதிரி நீட்டினேன்.

தேவகி அந்தக் கையைப் பார்த்தாள்.  ஊற்றுவதற்காகச் சொம்பை உயர்த்தினால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், விக்கியே செத்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

சொம்பை என் கையில் கொடுத்தாள்.

அண்ணாந்து குடிக்க விக்கல் விடவில்லை. வாய் வைத்துக் குடித்தேன். தண்ணீர் அவ்வளவு ஜில்லென்று இருந்தது. திருப்பிக் கொடுத்தபோது சொம்பின் விளிம்பில் சிவப்பாக என் உதடு பதிந்திருந்தது. தேவகி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாடி இது, சொம்புக்கும் சேத்து மேக்கப் பண்ணிட்ட?"

பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "யோவ், சாப்டற ஜனத்து மேல பொகைய வுட்டுனு நிக்கிறியே, நல்லாவா இருக்குது? எடுய்யா வண்டிய."

"ஊர்ல சொல்லிட்டாங்கன்னு..."

"சொன்னவங்கள வந்து குறுக்க நிக்கச் சொல்லு. நம்ம வண்டிய எடு."

சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வேணு டிராக்டரை ஓரம் கட்டினார். நாங்கள் ஒன்றும் அவசரப்படவில்லை. பாயசம் குடித்து, இலையை மடித்து, அத்தை துடைப்பம் வாங்கித் தெருவைச் சுத்தமாகக் கூட்டின பிறகுதான் எழுந்தோம். பேண்டு செட் வயிறு நிறைந்த தெம்பில் வாசித்தது. எல்லா வாசலிலும் ஆள் நின்றார்கள் என்று சொல்லமாட்டேன். சில கதவுகள் படாரென்று சாத்திக்கொண்டன. நான் காரில் ஏறாமல் தெருக்கோடி வரைக்கும் நடந்தே போனேன். கதிர் சாம்பார் வாளியைக் கீழே வைக்கவும் மறந்து என் கூடவே வந்தான்.

சண்டை இன்னும் தீரவில்லை

கதிர் ரயில்வேயில் சேர்ந்துவிட்டான். ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து அதே சண்டையைப் போடுவான்.

"சாம்பாருக்கா பயந்தாங்க? டிக்கியில இருந்த கட்டைக்குத்தான் பயந்தாங்க."

"டிக்கி மேல நான் உக்காந்திருந்தேனேடா. யாருக்குத் தெரியும் உள்ள இருந்தது?"

"நைனா காலத்து அடி அவங்களுக்கு ஞாபகம் இருந்துச்சில்ல? அதான் 'நர்சம்மா'ன்னு மரியாதையா பேசினாங்க."

அது பொய் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. அன்று வேணுவின் கண்ணில் பயமும் இருந்திருக்கலாம். ஆனால் பயந்தவர்கள் டிராக்டரை எடுப்பார்கள், தண்ணீர்க் குடத்தை எடுத்து வரமாட்டார்கள். இதை நான் சொன்னால் அவன் வேறொன்று சொல்வான். நைனா இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்.

போன ஆவணியில் எங்கள் சித்தப்பா பேத்திக்குக் கல்யாணம். கதிர் லீவு போட்டு வந்திருந்தான். சாயங்காலம் பெண் அழைப்பு தெரு வழியாகப் போயிற்று. இப்போது பேண்டு செட் இல்லை, டிஜே. ஆள் உயரப் பெட்டிகளை வண்டியில் அடுக்கி, காது கிழிகிற சத்தம். நானும் கதிரும் கூட்டத்தோடு நடந்தோம்.

ஒரு வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. அந்தத் தெருவுக்கு வாழ வந்து ஒன்றிரண்டு வருஷமே ஆன மருமகள் ஒருத்தி வெளியே ஓடி வந்து, ஊர்வலத்தைப் பார்த்துக் கையை நீட்டினாள்.  கதிர் என் முன்னால் வந்து நின்றான். அவன் தோள் விறைத்துக்கொண்டது எனக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது.

"அண்ணா, சவுண்ட கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்கண்ணா! கொழந்த இப்பத்தான் தூங்குது!"

 கதிரே ஓடிப் போய் வண்டியில் ஏறிச் சத்தத்தைக் குறைத்தான். "சாரிம்மா" என்று அவளுக்குக் கேட்கும்படி சொன்னான். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வந்து என் காதருகே குனிந்தான்.

"யக்கா, சவுண்டுக்குத்தான் சொல்லுது."

"ஆமாண்டா. சவுண்டுக்குத்தான்."

குழந்தை எழுந்துவிடப் போகிறதே என்று இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.